வெள்ளத்தின் கணக்கு

வெள்ளம் வந்து வடிந்ததும் நம்மிடையே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. "எல்லாம் தெய்வச் செயல், இத்தனை மழை கொட்டினால் மனிதன் என்ன செய்ய முடியும்?" என்பது ஒரு கட்சி. "எல்லாம் அதிகாரிகளின் குற்றம், மதகைத் திறந்தவர்களைக் கூண்டில் ஏற்று" என்பது மற்றொரு கட்சி. சட்டசபையிலிருந்து சாவடித் திண்ணை வரை இந்த இரண்டு வாதங்களும் சில வாரங்கள் முழங்குகின்றன. ஆனால், எந்த நிலத்தின் மீது எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மழை விழுந்தது, அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கிற்று, மீதி எப்பொழுது ஆற்றுக்கு வந்து சேர்ந்தது என்ற கணக்கைக் கேட்பவர் சிலரே. கேட்டாலும் கிடைப்பது அரிது. கணக்கில்லாத வழக்கில் உரத்த குரலே தீர்ப்பாகிவிடுகிறது. பிறகு சேறு காய்கிறது, வழக்கும் மறந்துபோகிறது. அடுத்த ஐப்பசி வந்து வாசலில் நிற்கிறது.

இந்த நிலைமை இனியும் நீடிப்பதற்கு யாதொரு நியாயமும் இல்லை என்பது நமது அபிப்பிராயம். பெய்கிற மழையிலிருந்து ஓடப்போகும் வெள்ளத்தை முன்கூட்டியே கணக்கிடும் சாஸ்திரம் இருக்கிறது. அக்கணக்கைச் சில நிமிஷங்களில் போட்டுக் கொடுக்கும் கம்ப்யூட்டர் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுள் சிறந்தவை சில காசின்றியே கிடைக்கின்றன. அவற்றை இயக்கத் தெரிந்த இன்ஜினீயர்களுக்கும் நம் நாட்டில் பஞ்சமில்லை. குறைவுபடுவன இரண்டு. ஊர்தோறும் மழையையும் நீரோட்டத்தையும் அளந்து வைக்கும் பழக்கம் ஒன்று. அளந்ததையும் கணக்கிட்டதையும் ஜனங்களின் முன்னே வைக்கும் மனம் மற்றொன்று.

2015-ம் வருஷத்துச் சென்னை வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் மட்டும் நகரில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. ஏரிகள் நிறைந்திருந்தன, மண் ஊறிக் கிடந்தது. அந்த நிலையில் டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. நிறைந்திருக்கும் ஏரி முழுவதையும் ஒன்றரை நாளில் காலி செய்துவிடக்கூடிய வேகம் இது. அடையாற்றின் இரு கரையிலும் குடியிருந்தவர்கள் நள்ளிரவில் நீர் கழுத்தளவு வந்த பிறகே செய்தி அறிந்தார்கள். வெள்ளம் பல நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

ஏரியை முன்னதாகவே படிப்படியாகத் திறந்திருந்தால் இவ்வளவு சேதம் நேர்ந்திராது என்று பலர் சொன்னார்கள். இதுவரை கண்டிராத மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று சர்க்கார் தரப்பில் விடை இறுத்தார்கள். அடையாற்றில் சேருவது செம்பரம்பாக்கத்து நீர் மட்டுமன்று, ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளும் தாம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளும் நிரம்பி வழிந்து அதே ஆற்றில்தான் விழுந்தன என்று வேறு சிலர் எடுத்துக் காட்டினார்கள். இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, ஏரியைத் திறந்த முறையில் குற்றம் கண்டது. அது சட்டசபையின் முன் வைக்கப்பட்டது 2018-ம் வருஷத்தில். செத்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பினால் என்ன பிரயோசனம்? நவம்பர் மாதக் கடைசியில், திறப்பதா மூடுவதா என்று தீர்மானிக்க வேண்டியிருந்த அந்த நாட்களில், இந்தக் கணக்கு ஒவ்வொரு மேஜையின் மீதும் இருந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கும் உரிமை அடையாற்றங்கரைக் குடிசைவாசிக்கும் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். அறியாதவர்களிடம் அதிகாரிகள் எதையும் சொல்லிச் சமாளித்துவிடலாம்.

ஒரு மேட்டின் இப்பக்கம் விழும் மழைத்துளி ஓர் ஆற்றுக்குப் போகிறது. அப்பக்கம் விழுந்தது வேறோர் ஆற்றுக்குப் போகிறது. இப்படி ஒரே வாய்க்கு நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் என்கிறோம். கம்ப்யூட்டரில் முதலில் இந்தப் பிரதேசத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் பற்றி நான்கு கேள்விகள் கேட்கிறார்கள். இதன் மீது மணிக்கு மணி எவ்வளவு மழை விழுந்தது? அதில் மண்ணும் செடிகொடிகளும் எவ்வளவு வாங்கிக்கொண்டன? மீதி நீர் இந்தத் துண்டின் வாய்க்கு வர எத்தனை நேரமாகும்? அங்கிருந்து கால்வாயிலும் ஏரியிலும் புகுந்து கீழே போகும்போது அது எப்படிப் பரவி அடங்குகிறது? நான்குக்கும் விடை கிடைத்தால், ஆற்றின் எந்த இடத்தில் எந்த மணிக்கு எவ்வளவு நீர் ஓடும் என்பது தெரிந்துவிடும்.

இவற்றுள் இரண்டாவது கேள்வியை நாம் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறோம். நம் நாட்டின் தலையெழுத்து அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மண்வளப் பாதுகாப்பு இலாகாவினர் 1950-களில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். மண்ணின் தன்மையையும் அதன் மீது இருப்பது காடா, வயலா, கட்டிடமா என்பதையும் பார்த்து, ஒவ்வொரு நிலத்திற்கும் நூறுக்குள் ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். எண் சிறியதானால் நிலம் நீரைக் குடிக்கிறது என்று பொருள். பெரியதானால் நீரைத் தள்ளிவிடுகிறது என்று பொருள். எண் 70 ஆக இருக்கும் நிலத்தில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 33 மில்லிமீட்டர் வழிந்தோடும். அதே நிலத்தில் வீடுகளும் தார் ரோடுகளும் வந்து எண் 90 ஆகிவிட்டால், அதே மழைக்கு 73 மில்லிமீட்டர் ஓடும். மேகம் மாறவில்லை, மழை கூடவில்லை, வெள்ளம் மட்டும் இரு மடங்குக்கு மேலாகிவிட்டது. 100 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இந்த வித்தியாசம் 40 லட்சம் கன மீட்டர். அதாவது 14 கோடி கன அடி. இந்த 14 கோடி கன அடி வெள்ளத்தைத் தெய்வம் அனுப்பவில்லை. வீட்டுமனைப் பிளானில் கையெழுத்திட்ட பேனா அனுப்பிற்று.

இதோடும் முடிவதில்லை. நடுவில் இருந்த ஏரி ஒன்றைத் தூர்த்துவிட்டால், மூன்றாவது, நான்காவது கேள்விகளின் விடைகளும் மாறிவிடுகின்றன. ஏரி என்பது வெள்ளத்தின் வேகத்தை வாங்கி அடக்கும் மடி. மேலிருந்து ஒரே மூச்சில் வரும் நீரைத் தாங்கிக் கலிங்கின் வழியே நிதானமாக விடுகிறது. அந்த மடி இல்லாதபோது, பத்து மணி நேரத்தில் வரவேண்டிய நீர் நான்கு மணி நேரத்திலேயே கீழ் ஊரின் தலையில் விழக்கூடும். நம் முன்னோர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளைச் சங்கிலி போலத் தொடுத்து வைத்தார்கள். மேலேரி வழிந்தால் கீழேரிக்கு. அது வழிந்தால் அதற்கும் கீழே. எந்தக் கலிங்கு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைப் பல தலைமுறை அனுபவத்தால் அறிந்து கட்டினார்கள். கம்ப்யூட்டரில் இன்று கோடும் புள்ளியுமாக வரையப்படும் நீர்ப்பிடிப்பு மாதிரிக்கும் அந்த ஏரிச் சங்கிலிக்கும் அடிப்படை எண்ணம் ஒன்றே. அனுபவமாக இருந்தது எண்களாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இடையில் நமக்கு வாய்த்தது அந்நிய ஆட்சியின் சூத்திரம். 1884-ம் வருஷத்தில் சென்னை ராஜதானிக்கென ரைவ்ஸ் என்ற இன்ஜினீயர் ஒரு விதி வகுத்தார். நீர்ப்பிடிப்புப் பரப்பை எடுத்துக்கொள். அதன் மூன்றில் இரண்டு படியைக் கணக்கிடு. அதை ஓர் எண்ணால் பெருக்கு. அதுவே உச்ச வெள்ளம். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த எண் 6.8, அதற்கு அப்பால் 160 கிலோமீட்டர் வரை 8.5; மலையடிவாரத்துச் சிறு பிரதேசங்களுக்கு 10.2. ஆக, கடற்கரைப் பக்கத்தில் 64 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் இடத்திற்கு வினாடிக்கு சுமார் 109 கன மீட்டர், அதாவது 3,800 கன அடி, உச்ச வெள்ளம் என்று விடை வரும்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தைச் சொல்லும் இந்தச் சூத்திரத்தில் மழை என்பதே கிடையாது! அந்த 64 சதுர கிலோமீட்டரும் காடாக இருந்தாலும் விடை அதுதான். முழுவதும் சிமென்ட் தளமாக இருந்தாலும் அதுதான். பத்து ஏரிகள் இருந்தாலும் அதுதான். பத்தையும் தூர்த்துவிட்டாலும் அதுதான். ரைவ்ஸ் மீது நமக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. போதிய மழைக் கணக்கோ, கணக்கிடும் யந்திரமோ இல்லாத காலத்தில் அவர் தம்மால் ஆனதைச் செய்தார். ஆங்கிலேயர் போன பிறகும் அவருடைய சூத்திரத்தைப் பாடப்புத்தகத்தில் வைத்துப் பூஜித்து, பாலமும் மதகும் கட்ட அதையே நாடும் நமது மனப்பான்மையைத்தான் நாம் கண்டிக்கிறோம். அதிகாரத்தை வாங்கிக்கொண்டோம், அளவுகோலை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

மற்ற தேசங்கள் சும்மா இருக்கவில்லை. மழையிலிருந்து ஆற்றோட்டத்தை மணிவாரியாகக் கணக்கிடும் வழியை 1932-ல் ஷெர்மன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் காட்டினார். 1966-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கிராபோர்டும் லின்ஸ்லியும் ஒரு நீர்ப்பிடிப்புப் பிரதேசம் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள். அமெரிக்க ராணுவத்தின் இன்ஜினீயர் படையைச் சேர்ந்த ஒரு நீரியல் மையம், 1998-ம் வருஷம் முதல் 'எச்.இ.சி.-எச்.எம்.எஸ்.' என்ற மென்பொருளை உலகத்தார் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து வருகிறது. 'ஸ்வாட்' என்ற மற்றொரு மென்பொருளை அமெரிக்க விவசாய இலாகாவினர் ஆக்கி, அதன் உள்ளமைப்பையும் யாரும் பார்த்துத் திருத்தும்படி திறந்து வைத்திருக்கிறார்கள். இவற்றை இயக்க ஒரு கல்லூரி மாணவனிடம் இருக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர் போதுமானது.

அந்நிய நாட்டு மென்பொருளை எடுத்தாள்வது சுதேசி தர்மத்திற்கு இழுக்கல்லவா என்று சிலர் கேட்கலாம். அறிவுக்குத் தேசமில்லை என்பதே நமது விடை. ஆயினும் அந்தக் கேள்வியில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. மென்பொருளை வாங்கலாம், எண்ணை இரவல் வாங்கக் கூடாது. அமெரிக்க வயல்களில் அளந்து பெற்ற எண்களை அப்படியே செங்கற்பட்டு ஜில்லாவின் செம்மண்ணுக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் போட்டால், விடை சுத்தமாக அச்சாகி வரும். ஆனால் பொய்யாக இருக்கும். கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் முதல் மழையை விழுங்குவது வேறு. ஊறிய பிறகு ஒரு சொட்டும் வாங்காமல் தள்ளுவது வேறு. மழையில் முதலில் எவ்வளவு வழியாமல் நிற்கும் என்பதற்கு அமெரிக்கர் வைத்த விகிதம் பத்தில் இரண்டு. நம் தேசத்து நிபுணர்கள் மண்ணுக்கும் ஈரத்துக்கும் தக்கபடி அதைப் பத்தில் ஒன்று என்றும் மூன்று என்றும் மாற்றி வைத்தார்கள். உண்மையான சுதேசியம் இதுவே. இந்த வேலை ஒவ்வொரு ஆற்றுப் பிரதேசத்திலும் நடைபெற வேண்டும்.

யந்திரம் சொல்லிவிட்டது என்பதற்காக எதையும் நம்பிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஒரு மாதிரி சரியானதா என்று சோதிக்கவும் முறை உண்டு. நடந்து முடிந்த சில வெள்ளங்களை வைத்து மாதிரியின் எண்களைச் சரிப்படுத்த வேண்டும். பிறகு, அதற்குக் காட்டாத வேறொரு வெள்ளத்தைக் கொடுத்து, ஆற்றில் உண்மையாக ஓடிய நீருக்கும் மாதிரி சொன்ன நீருக்கும் எவ்வளவு பொருத்தம் என்று பார்க்க வேண்டும். 1970-ல் நாஷ், சட்கிளிப் என்ற இருவர் இதற்கு ஓர் அளவை வகுத்தார்கள். அளவை 1 ஆனால் பூரணப் பொருத்தம். பூஜ்யமானால், கணக்கே போடாமல் சராசரியைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் என்று அர்த்தம். தான் எழுதிய பரீட்சையைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனை நாம் நம்புவோமா? ஒவ்வொரு வெள்ள மாதிரியும் இந்தப் பரீட்சையில் வாங்கிய மார்க்கைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் பரீட்சை வைப்பதற்கே அளவுகள் வேண்டுமே! இங்கேதான் நமது தரித்திரம் வெளிப்படுகிறது. நகரப் பிரதேசங்களில் 10 முதல் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி இருக்க வேண்டும் என்பது உலக வானிலை ஸ்தாபனத்தின் வழிகாட்டுதல். ஏன் அவ்வளவு நெருக்கம் என்று கேட்பவர்கள் 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் தாமிரவருணிக் கரையில் நடந்ததைப் பார்க்கட்டும். அன்று ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அங்கிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். காயல்பட்டினத்தில் ஒரு மழைமானி இல்லாதிருந்தால், 26 சென்டிமீட்டர் மழை நம் கணக்கிலிருந்தே மறைந்து போயிருக்கும். ஆறு மணி நேரத்தில் ஊரை மூழ்கடிக்கும் வெள்ளத்திற்கு, நாளுக்கு ஒரு முறை எடுக்கும் அளவும் போதாது. மணிக்கு மணி வேண்டும். மழையாவது ஓரளவு அளக்கப்படுகிறது. கலிங்கில் எவ்வளவு வழிந்தது, மதகில் எவ்வளவு போயிற்று என்பதை நாள்தோறும் எழுதி வைக்கும் ஏரிகள் எத்தனை?

நிலத்தின் ஏற்ற இறக்கமும் அப்படியே. 2005-ல் நாம் அனுப்பிய கார்ட்டோசாட் செயற்கைக் கோள் நம் நாட்டின் மேடுபள்ளங்களைப் படமெடுத்துத் தந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய காரியம். மலை நாட்டுக்கு அது போதும். ஆனால் வானிலிருந்து அளக்கும் உயரத்தில் சில மீட்டர் பிழை வருவது சகஜம். சென்னை போன்ற தட்டையான கடற்கரை ஊரில் ஒரு தெரு மூழ்குவதற்கும் தப்புவதற்கும் ஓரடி வித்தியாசம் போதுமே! அந்த ஓரடியைத் தெருவில் இறங்கி அளந்துதான் அறிய வேண்டும்.

இனி, விஷயத்தின் நடுநாடிக்கு வருவோம். 2015-ம் வருஷத்துக்குப் பின் சர்க்கார் கைகட்டி இருந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். 2019-ல் சென்னைக்கென வெள்ள எச்சரிக்கை அமைப்பு ஒன்று, தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தினால், சர்வகலாசாலை விஞ்ஞானிகளின் துணையோடு ஏற்படுத்தப்பட்டது. 2021-ம் வருஷத்து அணைப் பாதுகாப்புச் சட்டம், அதற்குட்பட்ட அணைகளுக்கெல்லாம் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டுமென்று விதிக்கிறது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் ஒரு முன்னறிவிப்பு அதிகாரியின் மேஜையோடு நின்றுவிட்டால், அது அந்த அதிகாரியைத்தான் காப்பாற்றும். ஆற்றங்கரைக் குடியைக் காப்பாற்றாது.

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, ஒவ்வொரு நீர்த்தேக்கத்தின் மழை, வரத்து, மட்டம், திறப்பு ஆகியவை மணிக்கு மணி பொதுஜனங்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, சர்க்கார் செலவில் தயாரான ஒவ்வொரு வெள்ள மாதிரியும், அதில் இட்ட எண்களும், அது வாங்கிய பரீட்சை மார்க்கும் பிரசுரமாக வேண்டும். வேறு நிபுணர்கள் அதே கணக்கைத் தாமும் போட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும். மூன்றாவது, மதகைத் திறக்கும் முன்பே, இத்தனை நீர் விட்டால் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதைத் தமிழில், தெருவின் பெயரோடு, அறிவிக்க வேண்டும். நான்காவது, ஏரிக்கரையிலோ சதுப்பு நிலத்திலோ கட்டிடமோ ரோடோ வருவதற்கு முன்னும் பின்னும் வெள்ளம் எப்படி மாறும் என்ற கணக்கு வெளியாகாமல் அனுமதி கொடுக்கக் கூடாது.

ஜனங்கள் பீதி அடைவார்கள் என்று ஆட்சேபம் சொல்லப்படும். நள்ளிரவில் படுக்கையைத் தண்ணீர் தொடுவதைவிடப் பெரிய பீதி எது? மாலை ஆறு மணிக்கே தெரிந்தவன் பிள்ளைகுட்டிகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போவான். ஜனங்களுக்குக் கணக்குப் புரியாது என்றும் சொல்லப்படும். எந்த மடைக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று நீர்க்கட்டியோடு வழக்காடிக் கணக்குத் தீர்த்த விவசாயியின் பேரனுக்கா புரியாது? ஜனங்களுக்குப் புரியாது என்பது அந்நிய ஆட்சியார் சொல்லி வந்த வார்த்தை. அதைச் சுதேசி நாவினால் கேட்க நாம் விரும்பவில்லை.

நேர்மையான அதிகாரிக்கும் பகிரங்கக் கணக்கே சிறந்த கவசம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய சங்கடம் சிறிதன்று. சென்னையின் ஏரிகள் குடிநீரும் தரவேண்டியவை. மழை வருமென்று நம்பி ஏரியைக் காலி செய்து, மழை பொய்த்தால் ஊர் தாகத்தில் தவிக்கும். 2019-ம் வருஷத்துக் கோடையில் ஏரிகள் வறண்டு நகரம் குடத்தோடு அலைந்ததைக் கண்டோம். மழை வராதென்று நம்பி ஏரியை நிரப்பி வைத்தாலோ 2015. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதன் தன் மனத்துணிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்பது நியாயமா? இன்று இவ்வளவு திறந்தால் இன்ன ஆபத்து, திறக்காவிட்டால் இன்ன ஆபத்து என்று பத்து விதமான மழைக்கும் மாதிரி விடை தரும். அதைப் பார்த்து, முன்னரே வெளியிட்ட விதிப்படி அவர் நடந்தால், பிறகு அவரைக் கல்லெறிய யாரும் வரமாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு நியாயம் இருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் முதலில் அப்புறப்படுத்தப்படுகிறவர்கள் ஆற்றோரத்து ஏழைகள். ஆற்றுக்கு இடையூறு என்று அவர்களுடைய குடிசைகளைப் பிரித்து, செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அவ்விடங்களோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்ந்த பூமி. மழை வந்தால் அங்கும் தண்ணீர் நிற்கிறது. பள்ளிக்கரணை 2022-ல் சர்வதேசப் புகழ் பெற்ற ராம்சார் ஈரநிலங்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே அதன் பெரும்பகுதியைக் குப்பைமேடும் கட்டிடங்களும் விழுங்கிவிட்டன. வெள்ளத்தைத் தடுப்பது ஏழையின் ஓலைக்கூரையா, சதுப்பில் எழும்பிய மாடங்களா? ஒவ்வொன்றையும் மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டால், எது ஆற்றின் மட்டத்தை எத்தனை அங்குலம் உயர்த்துகிறது என்பது தெரிந்துவிடும். கணக்கு மூடிக் கிடக்கும் வரையில் ஏழைக்கு ஒரு நீதி, தனவந்தனுக்கு ஒரு நீதி. கணக்கு வெளியே வந்தால், எண் ஆளைப் பார்த்துப் பேசாது.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம். மலையாள நாட்டில் மீனச்சில் ஆற்றங்கரையில், 2018-ம் வருஷத்துப் பெருவெள்ளத்திற்குப் பின், சாதாரண ஜனங்களும் பள்ளிப் பிள்ளைகளும் மழையைத் தாமே அளந்து, மேலிருப்பவர் கீழிருப்பவருக்குச் செய்தி சொல்லி வருகிறார்கள். நம் தொண்டர்களால் அது முடியாதா? ஒவ்வொரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்திலும் ஒரு மழைமானி. தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு ஒரு மாணவன் எடுக்கும் அளவு. கலிங்குச் சுவரில் அடியும் அங்குலமும் காட்டும் ஒரு கோடு. வெள்ள நாளில் மணிக்கு ஒரு முறை அதைப் பார்த்து எழுத ஒரு நோட்டுப் புத்தகம். செலவு அற்பம். பத்து வருஷத்து நோட்டுப் புத்தகங்கள் சேர்ந்தால், எந்தப் பெரிய மாதிரியையும் பரீட்சை வைக்கும் தகுதி அந்த ஊருக்கு வந்துவிடும். மேடையேறிப் பேசும் ஆற்றல் உள்ள வாலிபர்கள் ஒரு மாதம் மேடையை விட்டிறங்கித் தங்கள் ஊர் ஏரியின் நீர்ப்பிடிப்பை நடந்து பார்த்து வரைபடம் எழுதட்டும். அது பத்துப் பிரசங்கங்களுக்குச் சமானம்.

மேகத்தை நிறுத்த யாராலும் ஆகாது. விழுந்த நீர் எங்கே போகும், எப்பொழுது போகும் என்பதை அறிவது நம்மால் ஆகும். அறிந்ததை அண்டை வீட்டாருக்குச் சொல்வது நம் கடமை. வருகிற மழைக்காலத்தில் எந்த ஊரிலாவது ஏரி நிரம்பினால், அந்த ஊரார் தாசில்தாரிடம் முதலில் கேட்க வேண்டியது அரிசியும் பாயும் அல்ல. "இன்று காலை வரை எவ்வளவு பெய்தது? இன்னும் எவ்வளவு வரும்? எங்கள் தெருவுக்கு எத்தனை மணிக்கு வரும்? கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத நிர்வாகம் சுயராஜ்ய நிர்வாகம் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி உடையதாகாது.